வெட்டி ஒட்டிய கைகள்: மின்னணு இசைப் பாடத்திட்டமும் பெண்களும்

மின்னணு இசையும் ஒலி வடிவமைப்பும் இன்று பல்கலைக்கழகப் பாடங்கள். அவற்றின் வரலாற்றுத் தாளைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே வரிசைதான் வரும்: பாரிசில் பியர் ஷெஃபர், கொலோனில் கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன், நியூயார்க்கில் விளாதிமிர் உசாசெவ்ஸ்கி, கருவிக்கே தன் பெயரைத் தந்த ராபர்ட் மூக். கோத்திரம் சொல்வதைப் போன்ற வரிசை. தந்தைவழியில் மட்டுமே ஓடும்.

இந்த வரிசைக்குப் பதில் சொல்ல வந்தது லிசா ரோவ்னர் இயக்கிய 'சிஸ்டர்ஸ் வித் டிரான்சிஸ்டர்ஸ்' (2020) என்ற ஆவணப்படம். டாஃப்னி ஓரம், பெபே பாரன், டிலியா டெர்பிஷயர், பாலின் ஒலிவெரோஸ், எலியான் ராதீக், சூசன் சியானி, லாரி ஸ்பீகல் என்று மின்னணு இசையை உருவாக்கிய பெண்களைப் பழைய காட்சிப் பதிவுகளின் வழியே அது நமக்குக் காட்டுகிறது. லாரி ஆண்டர்சனின் குரல் கதையை நடத்திச் செல்கிறது. வகுப்பில் திரையிட்டால் மாணவிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். நல்ல படம். ஔவை என்ற ஒரே பெயருக்குள் பல காலத்துப் பெண்களை அடைத்து வைத்த இலக்கிய வரலாற்றைப் படித்து வந்த நமக்குத் தனித்தனிப் பெயரின் அருமை தெரியும்.

ஆனாலும் பெயர்ப் பட்டியலோடு நின்றுவிட்டால் சில கேள்விகள் கேட்கப்படாமலே போகின்றன. இவர்கள் இந்த வேலையை எங்கே, எந்த நேரத்தில் கற்றார்கள்? கற்றுச் செய்த வேலைக்கு நிறுவனம் என்ன பெயர் வைத்தது? பாடத்திட்டத்தில் ஒரு பெண்ணின் பெயரைச் சேர்ப்பது எளிது. அந்தப் பெயரை வெளியே நிறுத்திய அளவுகோலை மாற்றுவதுதான் கடினம். அந்த அளவுகோலைப் பற்றியே இந்தக் கட்டுரை.

படத்தின் அடிநாதமான வாதத்தை ஸ்பீகல் சொல்கிறார். இசையமைக்கும் பெண்ணுக்கு இசைக்குழுவும் அரங்கமும் நடத்துநரும் கிடைக்காத காலத்தில், யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் தன் இசையைத் தானே செய்து கேட்க இயந்திரம் வழிவிட்டது என்பது அதன் சாரம். கவிதை எழுதும் பெண்ணுக்கு இது உடனே புரியும். தாளும் பேனாவும் போதுமென்பதால் சமையலறையிலும் கவிதை பிழைத்திருக்கிறது. ஆனால் 1950களிலும் 60களிலும் அந்த இயந்திரம் எங்கே இருந்தது? வானொலி நிறுவனத்தின் பூட்டிய அறையில், தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வகத்தில், பல்கலைக்கழகத்தின் கட்டடத்தில். ஸ்பீகலே 1970களில் பெல் ஆய்வகத்தின் கணினிகளில்தான் வேலை செய்தார். இசைக்குழுவிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பது உண்மை. சாவி வைத்திருப்பவரிடம் கேட்க வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

டெர்பிஷயரின் கதை இதைத் தெளிவாகக் காட்டும். கவன்ட்ரி நகரத்துத் தொழிலாளர் குடும்பத்துப் பெண். கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரியில் கணிதமும் இசையும் படித்தவர். 1959இல் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை வேலைக்கு வைப்பதில்லை என்று பதில் வந்தது. மறு ஆண்டு பிபிசியில் ஸ்டுடியோ உதவி மேலாளர் பயிற்சியில் சேர்ந்தார். 1962இல் அங்கிருந்த ரேடியோஃபோனிக் பணிமனைக்குப் போனார். 1963இல் 'டாக்டர் ஹூ' தொடருக்கு ரான் கிரெய்னர் எழுதிய சுருக்கமான இசைக்குறிப்பு அவரிடம் வந்தது. 'மேகம்', 'குமிழி' போன்ற சொற்களே சில இடங்களில் வழிகாட்டின.

கடையில் வாங்கக்கூடிய சிந்தசைசர் அப்போது இல்லை. சுண்டிய ஒற்றைத் தந்தியின் ஒலியையும், சோதனைக்கூட அலையாக்கிகளின் ஒலியையும், இரைச்சலையும் காந்த நாடாவில் பதிந்தார். வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒவ்வொரு சுரமாக உண்டாக்கினார். டிக் மில்ஸ் உடனிருக்க, நாடாவை அளந்து வெட்டி ஒட்டினார். வினாடிக்கு 15 அங்குலம் ஓடும் நாடாவில் அரை வினாடிச் சுரம் என்றால் ஏழரை அங்குலம். தாளம் அங்கே கைக்குள் அடங்கும் நீளமாகிவிடுகிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று கண்ணிமைப்பிலும் கைந்நொடியிலும் காலத்தை அளக்கப் படித்த தமிழ் மாணவிக்கு இந்த வேலை அந்நியமாக இருக்காது. மாத்திரைக் கணக்கை அவர் கத்தரிக்கோலால் போட்டார், அவ்வளவுதான்.

முடிந்த இசையைக் கேட்ட கிரெய்னர், டெர்பிஷயரையும் இசையமைப்பாளராகச் சேர்க்க விரும்பினார். ஊழியர்களின் பெயரை வெளியிடாத பிபிசியின் வழக்கம் அதற்கு இடம் தரவில்லை. திரையில் பணிமனையின் பெயர் வந்தது. டெர்பிஷயரின் பெயர் அந்தத் தொடரின் திரையில் வர 2013இன் பொன்விழாச் சிறப்பு நிகழ்ச்சி வரை ஆனது. அவர் 2001லேயே இறந்துவிட்டார். அவர் விட்டுச்சென்ற 267 நாடாச் சுருள்கள் இப்போது மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பில் ஆய்வுப் பொருளாக இருக்கின்றன.

இந்தப் பெயரின்மையை ஒரு நிறுவனத்தின் அலுவலக விதி என்று கடந்துவிட முடியாது. சுரத்தை எழுதியவர் படைப்பாளி, அதை ஒலியாகச் செய்தவர் உதவியாளர் என்ற பிரிவினை அந்த விதிக்கும் மூத்தது. நமக்குப் பழகிய பிரிவினைதான். நாற்று நடுகிறவள் கூலியாள்; பட்டாவில் பெயர் உள்ளவர் விவசாயி. மின்னணு இசையிலோ இந்தப் பிரிவினைக்குப் பொருளே இல்லை. அங்கே ஒலியைச் செய்வதுதான் இசையமைப்பது. அப்படியிருந்தும் ஆசிரியர் பெயரும் படைப்புத் தலைப்புமாகக் கோக்கப்பட்ட வரலாற்றுத் தாள், பெயரின்றிச் செய்யப்பட்ட வேலையைப் படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. நியூயார்க்கின் கொலம்பியா–பிரின்ஸ்டன் மின்னணு இசை மையத்தில் ஆலிஸ் ஷீல்ட்ஸும் பிரில் ஸ்மைலியும் பல ஆண்டுகள் கற்பித்தார்கள். மையத்தின் பெயரைப் படிக்கும் மாணவர்களில் எத்தனை பேருக்கு இவர்களைத் தெரியும்?

டாஃப்னி ஓரம் இன்னொரு கேள்வியை எழுப்புகிறார்: நேரம். ராயல் இசைக் கல்லூரியில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு 1943இல் பிபிசியில் சேர்ந்தவர். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு ஒலிப்பதிவுக் கருவிகளை ஓர் அறையில் சேர்த்து வைத்து, இரவெல்லாம் சோதனை செய்துவிட்டு, விடியுமுன் அவற்றை இருந்த இடத்திலேயே கொண்டு போய் வைப்பாராம். அவர் முயன்று பெற்ற பணிமனை 1958இல் தொடங்கியது. அது போகும் திசை பிடிக்காமல் மறு ஆண்டே வெளியேறி, கென்ட் பகுதியில் தன் வீட்டிலேயே 'ஓராமிக்ஸ்' என்ற கருவியை உருவாக்கினார். 35 மில்லிமீட்டர் படச்சுருளில் கையால் வரைந்த கோடுகளை ஒளியின் உதவியால் ஒலியாக மாற்றும் கருவி அது. அவருடைய ஆவணங்கள் இன்று லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் இருக்கின்றன.

ஓரம் கற்ற பல்கலைக்கழகம் இரவு என்று சொல்லலாம். ஒலிக்கூடம் உலகெங்கும் இரவில்தான் விழித்திருக்கிறது. ஓசை அடங்கிய பிறகுதான் ஓசையோடு வேலை செய்ய முடியும். நம் ஊரில் பெண்கள் விடுதியின் கதவு எப்போது மூடுகிறது? 2015இல் டெல்லி மாணவிகள் 'பிஞ்ச்ரா தோட்' என்று இயக்கம் கண்டதே இந்தக் கதவை எதிர்த்துத்தான். கருவி இலவசம், மென்பொருள் இலவசம், ஆனால் மாலை மணி அடித்ததும் உள்ளே போய்விட வேண்டும் என்றால், அந்தப் படிப்பு யாருக்காக வடிவமைக்கப்பட்டது? கல்லூரி விழாக்களில் நான் ஆண்டுதோறும் பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட மாணவிகள் வரிசையாக நிற்பார்கள். மிக்சர் பெட்டியின் முன் ஒரு மாணவன் உட்கார்ந்திருப்பான். குரல் பெண்ணுடையது, அதைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் ஆணுடையது. அவளுக்கு அந்தக் குமிழைப் பற்றி யாரும் தடை சொல்வதில்லை. அழைப்பதும் இல்லை.

மொழியும் இதில் பங்கு கொள்கிறது. 24 பெண் இசைஞர்களின் நேர்காணல்களைத் தொகுத்து டாரா ராட்ஜர்ஸ் 2010இல் வெளியிட்ட 'பிங்க் நாய்சஸ்' நூலின் முன்னுரை, இந்தத் துறையின் கலைச்சொற்கள் போர்க்களத்திலிருந்து வந்தவை என்பதைச் சுட்டுகிறது. ஒலி எழும் கணத்துக்கு 'அட்டாக்', அதைத் தொடங்கி வைக்கும் மின்துடிப்புக்கு 'ட்ரிகர்'. ஒரு கருவி இன்னொன்றை இயக்கினால் எஜமான், அடிமை. தமிழில் இந்தப் பாடத்தை எழுதப் போகிறவர்கள் இவற்றை அப்படியே பெயர்த்துத் 'தாக்குதல்' என்று எழுதிவிடக் கூடாது. எழுதல், தணிதல், நிலைத்தல், ஓய்தல் என்றால் அதே நான்கு நிலைகளும் வந்துவிடும். யாரையும் அடிக்க வேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் பிறப்பியல், உந்தியில் எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாவதை விளக்குகிறது. மூல ஒலியை வடிகட்டிகள் வழியே செலுத்தி வெவ்வேறு ஒலியாக்கும் சிந்தசைசர் பாடத்துக்கு இதைவிட நெருக்கமான முன்னுரை தமிழ் மாணவிக்குக் கிடைக்காது. அங்கே கருவி உடல்தான்.

உடலிலிருந்தும் செவியிலிருந்தும் பாடத்தைத் தொடங்கலாம் என்று செய்தே காட்டியவர் ஒலிவெரோஸ். 1966இல் மில்ஸ் கல்லூரிக்கு இடம்பெயர்ந்த நாடா இசை மையத்தின் இயக்குநராக இருந்தார். அடுத்த ஆண்டு முதல் சான் டியேகோவில் கற்பித்தார். 1970இல் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே, 'லேடி' இசையமைப்பாளர் என்று அழைக்க வேண்டாம் என்றார். 'பெண் கவிஞர்' என்று மேடையில் அறிமுகப்படுத்தப்படும் எவருக்கும் அந்தக் கோபம் தெரியும். பெண்கள் குழு ஒன்றோடு சேர்ந்து அவர் உருவாக்கி, 1974இல் வெளியிட்ட 'சானிக் மெடிடேஷன்ஸ்' தொகுப்பில் சுரக்குறிப்புகள் இல்லை. கேட்பதற்கும் குரலெழுப்புவதற்குமான எளிய சொற்களிலான பயிற்சிகளே உள்ளன. இசை படிக்காதவரும் செய்யலாம். இரவில் ஓசையெழாமல் நடக்கச் சொல்லும் பயிற்சியும் அதில் உண்டு. நம் மாணவி அதைச் செய்ய முதலில் விடுதிக் காப்பாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

இந்தியாவிலும் இந்தக் கதைக்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது. 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் மூக் சிந்தசைசரோடு ஒரு மின்னணு இசைக்கூடத்தை நிறுவினார். அதில் இசை செய்தவர்களில் கீதா சாராபாய் ஒருவர்; பக்கவாஜ் வாசித்த பெண், 1940களில் ஜான் கேஜுக்கு இந்திய இசையைக் கற்றுக்கொடுத்தவர். சில ஆண்டுகளே உயிரோடிருந்த அந்தக் கூடத்தின் நாடாக்கள் நெடுங்காலம் கிடப்பில் கிடந்து, பால் பர்காஸ் தொகுக்க 2023இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன. பெருமைப்படலாம். கூடவே ஒன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த நிறுவனத்தை உருவாக்கியதில் சாராபாய் குடும்பத்துக்கே பெரும் பங்கு இருந்தது. அவருக்குச் சாவி வீட்டிலேயே இருந்தது. டெர்பிஷயருக்கு அப்படி இல்லை. நம் வகுப்புகளில் முதல் தலைமுறையாகப் பட்டம் படிக்க வரும் பெண்களுக்கும் இல்லை. பெண் என்ற ஒரு சொல்லால் இந்த வேறுபாட்டை மூடிவிட்டால், நாம் கண்டிக்கும் கோத்திரப் பட்டியலுக்குப் பெண்பால் விகுதி சேர்த்த குற்றம் நமக்கு வரும்.

ஆகவே பாடத்திட்டம் எழுதும் இடத்தில் இருப்பவர்கள் கேட்க வேண்டியவை சில உண்டு. ஒலிக்கூடத்தின் நேர அட்டவணையில் மாணவிகளின் பகல் இருக்கிறதா, இரவில் பத்திரமாகத் திரும்ப வண்டி இருக்கிறதா? செய்முறை வகுப்பில் குமிழருகே யார், குறிப்பேட்டருகே யார் என்று சுழற்சி முறை உண்டா? ஒப்படைக்கும் ஒவ்வொரு படைப்போடும், பதிந்தவர், வெட்டியவர், ஒட்டியவர், கேட்டுத் திருத்தியவர் என்று எல்லாக் கைகளின் பெயரும் வருகிறதா? 'இந்த இசையின் ஆசிரியர் யார்?' என்று வினாத்தாளில் கேட்பதை நிறுத்திவிட்டு, 'இந்த ஒலியை யார் யார், எப்படிச் செய்தார்கள்?' என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். விடை எழுத முழு வரலாற்றையும் மறுபடி படிக்க வேண்டியிருக்கும்.