பழுதை இனம்பிரிக்கும் கலை

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் நிர்கேம் கேமராவில் 10 அகச்சிவப்பு உணரிகள் உள்ளன. நீளவாக்கில் 2,048, அகலவாக்கில் 2,048 என்று ஒவ்வொன்றிலும் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்சல்கள். பாதரசம், காட்மியம், டெலூரியம் சேர்ந்த மெல்லிய படலம் ஒளியை வாங்கி மின்னூட்டமாக மாற்றுகிறது. அந்த மின்னூட்டத்தைக் கீழேயுள்ள சிலிக்கான் சுற்றுக்குக் கடத்துவது, பிக்சலுக்கு ஒன்றாக வைத்த இண்டியக் குமிழ். இத்தனை லட்சத்தில் சில பழுதாவது இயல்பு. அவற்றை வகைபிரித்து அறிவதில்தான் தேர்ந்த கண்ணின் அழகு தெரிகிறது.

ஒளியே படாமல் நெடுநேரம் படமெடுத்தால், இருட்டிலும் மின்னூட்டம் சேர்க்கும் 'சூடான' பிக்சல்கள் பிடிபடும். சீரான ஒளியைப் பாய்ச்சினால் செத்தவை தெரியும். ஆனால் செத்ததுபோல் தெரிபவை எல்லாம் ஒரே ரகமல்ல. குமிழ் சரியாக ஒட்டாத பிக்சல் ஒளியை வாங்கத்தான் செய்கிறது. சேர்ந்த மின்னூட்டம் இறங்க வழியில்லாமல் அண்டைப் பிக்சல்களுக்குக் கசிகிறது. நடுவே கருமை, நாற்புறமும் சற்றே மிகையான ஒளி. அந்தச் சிலுவை வடிவைப் பார்த்ததுமே கோளாறு இணைப்பில் என்று நிபுணர்கள் சொல்லிவிடுவார்கள்.

இதைவிட நுட்பமானது, ஏறுவரிசையைப் படிப்பது. சேர்ந்த மின்னூட்டத்தை அழிக்காமலே ஒரு பிக்சலைத் திரும்பத் திரும்ப அளக்கலாம்; அந்த அளவுகளின் தொடரே ஏறுவரிசை. நல்ல பிக்சலின் அளவுகள் ஏறக்குறைய நேர்கோடாக ஏறும். காஸ்மிக் கதிர் தாக்கினால் ஒரே ஒரு படி எகிறி, பிறகு பழைய சரிவிலேயே தொடரும். தந்தி இரைச்சல் உள்ள பிக்சலோ இரண்டு நிலைகளுக்கிடையே தாவிக்கொண்டே இருக்கும். முடிந்த படத்தில் வெறும் வெள்ளைப் புள்ளியாக நிற்பவை, ஏறுவரிசையில் தத்தம் கையெழுத்தோடு வருகின்றன.

இத்தகைய கவனம் வெப் திட்டத்துக்குக் கைகொடுத்திருக்கிறது. அறை வெப்பநிலையில் சேமித்து வைத்த உணரிகளில் சில நலிந்துவருவது 2010இல் தெரியவந்தது. நாசா அமைத்த ஆய்வுக் குழு காரணத்தைக் கண்டுபிடித்தது: வடிவமைப்புக் குறையால் இண்டியம் தங்கத் தொடுமுனையோடு கலந்து, உணர்படலத்துக்குள் ஊடுருவியிருந்தது. திருத்திய வடிவமைப்பு 2012இல் தகுதிச் சோதனையில் தேறியது. புதிய உணரிகள் தயாராயின.

வெப்பின் தரவு முறையில் மிகவும் ரசிக்கத்தக்கது ஒன்றுண்டு. சூடானது, செத்தது, இணைப்பற்றது என்று பழுதின் வகையைக் குறிக்க ஒரு குறி. 'பயன்படுத்தாதே' என்ற தீர்ப்புக்கு வேறொரு குறி. ஏனெனில் பழுதின் கனம் வேலையைப் பொறுத்தது. மங்கலான தொலைதூர விண்மீன் மண்டலத்தை நெடுநேரம் படமெடுக்கும்போது கெடுதல் செய்யும் இளஞ்சூட்டுப் பிக்சல், பிரகாசமான விண்மீனைக் குறுகிய நேரம் படமெடுக்கும்போது தொந்தரவே தராது. வழக்கமான படங்களில் தொலைநோக்கியைச் சற்றே நகர்த்தி மறுபடி எடுத்தால், பழுதில் விழுந்த வானம் நல்ல பிக்சலில் விழும். விண்மீனைக் கடக்கும் புறக்கோளை ஆராயும்போது அந்த வசதியில்லை: ஒளி மணிக்கணக்கில் அதே பிக்சல்களில் நிற்க வேண்டும். அங்கே ஒவ்வொரு பிக்சலின் குணமும் முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் கோளின் வளிமண்டலத் தடயத்தை நம்ப முடியும்.