செடியில் பழுத்த ஸ்ட்ராபெர்ரி

டப்பாவில் அடுக்கி விற்கிற ஸ்ட்ராபெர்ரியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "பார்க்கத்தான் அழகு, வாயில் வைத்தால் புளிப்பு" என்று சொல்பவர்கள் அந்தப் பழத்தை இன்னும் சாப்பிடவில்லை என்றே சொல்வேன். மாங்காயைப் பறித்து வைக்கோலில் பழுக்க வைக்கலாம். ஸ்ட்ராபெர்ரிக்கு அந்தக் குணம் கிடையாது. பறித்த பிறகும் அதன் நிறம் ஏறும், சதை இளகும். இனிப்பு மட்டும் பறித்த இடத்திலேயே நின்றுவிடும். மகாபலேஷ்வரிலிருந்து லாரி ஏறி வர வேண்டிய பழத்தை முழுதாகப் பழுக்க விட்டுப் பறித்தால் பாதி வழியிலேயே கசங்கிப்போகும். ஆகவே முக்கால் சிவப்பில் பறிக்கிறார்கள். விவசாயியைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை, பழத்தின் இயல்பு அப்படி. செடியிலேயே பழுத்ததைத் தின்ன வேண்டுமென்றால் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தொட்டி இருந்தாக வேண்டும்.

இந்தச் செடியின் முன்னோர் கொஞ்சம் மண்ணிலும் அளந்து ஊற்றிய நீரிலும் உயிர் பிழைத்தவர்கள். 1712இல் ஃப்ரெஸியே என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர், ஸ்பானியர்களின் கோட்டைகளை வேவு பார்க்கத் தென்னமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். சிலியில் அவர் கண்ட ஸ்ட்ராபெர்ரி, ஐரோப்பியக் காடுகளில் விளைந்த சுண்டுவிரல் நுனியளவுப் பழங்களைவிடப் பல மடங்கு பெரியது. செடிகளைக் கப்பலில் ஏற்றினார். குடிதண்ணீருக்கே கட்டுப்பாடு இருந்த பல மாதப் பயணம் அது. ஐந்து செடிகள் மட்டும் 1714இல் உயிரோடு பிரான்ஸ் வந்து சேர்ந்தன. கப்பலில் தண்ணீர் கொடுத்து உதவியவருக்கு அதில் இரண்டைக் கொடுத்தார் ஃப்ரெஸியே. வந்தவை பெண் செடிகள், தாமாகக் காய்க்கவில்லை. வட அமெரிக்காவிலிருந்து வந்திருந்த வர்ஜீனிய ஸ்ட்ராபெர்ரியின் பக்கத்தில் வளர்ந்த பிறகே மகரந்தம் கிடைத்துக் காய்த்தன. அந்தக் கலப்பில் பிறந்ததுதான் இன்று உலகம் முழுக்க விளைகிற தோட்ட ஸ்ட்ராபெர்ரி. 1766இல் இந்தக் கலப்பைச் சரியாகக் கண்டறிந்து நூலில் எழுதிய டியூஷேனுக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை.

தொட்டி விஷயத்தில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. ஸ்ட்ராபெர்ரியின் வேர் பெரும்பாலும் மேல் அரையடி மண்ணுக்குள்ளேயே பரவும். அதனால் ஆழம் பெரிதாகத் தேவையில்லை, அகலம் வேண்டும். சுற்றிலும் சிறு சிறு வாய்கள் வைத்த ஜாடி ஒன்றை 'ஸ்ட்ராபெர்ரி ஜாடி' என்றே விற்கிறார்கள். காட்சிக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் மேலே ஊற்றிய தண்ணீர் கீழ் வாய்களில் இருக்கும் செடிகளுக்குச் சரியாகப் போய்ச் சேராது. ஓட்டை போட்ட குழாய் ஒன்றை நடுவில் நிறுத்தி, அதற்குள் தண்ணீர் விட்டால் ஓரளவு சமாளிக்கலாம். நான் தேர்ந்தெடுப்பது அகன்ற வாயுள்ள சாதாரண மண்தொட்டியைத்தான். அதன் சுவரில் கசிந்து ஆவியாகும் நீர் உள்ளே மண்ணைக் குளுமையாக வைத்திருக்கும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி மொட்டை மாடி வெயிலில் வேரை வேகவைத்துவிடும்.

மண்கலவை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: செம்மண், மண்புழு உரம், தென்னை நார்த்தூள், கூடவே ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்த்தூளைப் பலமுறை அலசி உப்பை நீக்காமல் போடக் கூடாது. ஸ்ட்ராபெர்ரிக்கு உப்பு ஆகவே ஆகாது. இலை விளிம்பு கருகினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது போர்த் தண்ணீரைத்தான்.

வளர்ப்பவரின் கைத்திறன் நடுவதில் தெரிந்துவிடும். வேரும் இலைக்காம்புகளும் கூடுகிற இடத்தில் கட்டையான ஒரு முடிச்சு இருக்கும். நர்சரிக்காரர்கள் அதை 'க்ரவுன்' என்பார்கள். புது இலை, பூ, 'ரன்னர்' என்கிற ஓடுதண்டு எல்லாம் கிளம்புவது அங்கிருந்துதான். அது மண்ணுக்குள் புதைந்தால் அழுகும், மேலே தூக்கி நின்றால் வேர் காயும். முடிச்சின் பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலுமாக உட்கார வேண்டும். நட்டுத் தண்ணீர் ஊற்றியதும் மண் அமுங்கும் என்பதையும் கணக்கில் வைத்து நடுபவரின் தொட்டியில் ஒரு செடிகூடச் சாய்ந்திருக்காது. அப்படி ஒரு தொட்டியைப் பார்த்தால் கொஞ்ச நேரம் நின்று பார்க்கத் தோன்றும்.

விடிகாலையில் அந்தத் தொட்டியருகே குனிந்து பாருங்கள். மூவிலையின் ஒவ்வொரு பல்நுனியிலும் ஒரு நீர்ச்சொட்டு நிற்கும். பனித்துளி என்று நினைக்க வேண்டாம். பனி என்றால் இலைப்பரப்பெல்லாம் நனைந்திருக்கும். இது விளிம்பில் மட்டும், ஒழுங்காகக் கோத்ததுபோல் நிற்கும். இரவில் வேர் உறிஞ்சி மேலே தள்ளிய நீர் இலையின் பல்நுனித் துளைகள் வழியே வெளியேறி நிற்கிறது. மண்ணில் ஈரமும், வேரில் வலுவும் இருப்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை. உரக்கணக்கு எழுதுவதைவிட இந்தச் சொட்டுகளைப் பார்த்து வளர்ப்பது நல்லது என்பேன்.

பூவுக்கு ஐந்து வெள்ளை இதழ்கள், நடுவே மஞ்சள் மேடு. பின்னால் சிவந்து இனிக்கப் போகிற சதை அந்த மேடுதான். மேலே பதிந்திருப்பவற்றை விதை என்கிறோம். தாவரவியல்படி அவை ஒவ்வொன்றும் ஒரு தனிக் கனி. 1950இல் நிட்ச் என்ற ஆய்வாளர் இளங்காயிலிருந்து அவற்றைப் பெயர்த்தெடுத்துப் பார்த்தார். எடுத்த இடத்தில் சதை வளரவில்லை. சதையைப் பருக்க வைக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் அவற்றிலிருந்துதான் வருகிறது. தேனீ எட்டாத அடுக்குமாடி பால்கனியில் பழம் கோணல்மாணலாகக் காய்ப்பதற்குக் காரணமும் பெரும்பாலும் இதுவே. மகரந்தம் சேராத பக்கம் பருக்காது. காலை பத்து மணிவாக்கில் மென்மையான தூரிகையால் பூ நடுவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் பழம் கூம்பாகத் திரளும்.

பறிப்பதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். காய் வெளுத்து, வெயில் பட்ட பக்கம் முதலில் சிவந்து, கடைசியாகப் பச்சைப் புல்லிவட்டத்தின் அடியில் ஒரு வெள்ளை வளையம் மிஞ்சும். அந்த வளையமும் மறைந்து, புல்லி மேல்நோக்கி மடங்கும்வரை பொறுக்க வேண்டும். அப்போதும் உடனே பறிக்காமல் இன்னும் ஒரு நாள் விட்டுவையுங்கள். நிறம் முந்தி வரும், மணம் பிந்தித்தான் வரும். பழுத்தது தொட்டியை நெருங்கும்போதே தெரியும். அணிலுக்கும் சின்னான் குருவிக்கும் அது நமக்கு முன்பே தெரிந்துவிடும் என்பதால் வலை கட்டாயம். ஃப்ரிட்ஜில் வைத்தால் மணம் அமுங்கிவிடும். நுனிதான் அதிக இனிப்பு. புல்லிப் பக்கத்திலிருந்து கடித்து வந்தால் இனிப்பு கூடிக்கொண்டே போகும்.

ரகத்தில் என் ஓட்டு ஸ்வீட் சார்லிக்கு. ஃபுளோரிடாவின் மிதமான குளிருக்கென்று உருவான ரகம் என்பதால் சமவெளி மாடிக்கும் பொருந்தும். கமரோசா கெட்டியான பழம், லாரிப் பயணத்துக்குத்தான் ஏற்றது. மஞ்சள் பூ பூக்கும் செடியை யாராவது ஸ்ட்ராபெர்ரி என்று கொடுத்தால் வாங்காதீர்கள். அது சப்பென்ற பழம் தரும் வேறு செடி. அதற்கு நெடுங்காலம் டியூஷேன் பெயர்தான் இருந்தது. நீலகிரியின் பெயர் தாங்கிய ஃப்ரகேரியா நீல்கெரென்சிஸ் என்ற காட்டு ஸ்ட்ராபெர்ரியும் உண்டு. வெளுத்த சிறு பழம், தனி மணம். ஜப்பானியர் அதைத் தோட்ட ஸ்ட்ராபெர்ரியோடு கலந்து, பீச் மணம் வீசும் 'டோகுன்' ரகத்தை உருவாக்கியிருக்கிறார்கள். நம் மலையின் பெயர் கொண்ட அந்த மணம் நம் தொட்டிகளிலும் கமழ வேண்டும் என்பது என் ஆசை.

குன்னூரிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்களுக்குச் செடி ஆண்டுக்கணக்கில் நிற்கும், ரன்னரைப் பக்கத்துத் தொட்டி மண்ணில் அழுத்திப் புதுக்கன்றும் எடுக்கலாம். சமவெளியில் பங்குனி வெயில் ஏறியதும் செடி ஓய்ந்துவிடும். அதை நினைத்து வருந்த வேண்டாம், வெண்டையைப் போல ஒரு பருவப் பயிராகவே எடுத்துக்கொள்ளுங்கள். கார்த்திகையில் மழை தணிந்ததும் நல்ல கன்றுகளாக நான்கு வாங்கி, ஆறு மணி நேரம் வெயில் விழும் இடத்தில் வையுங்கள். முதல் பழம் தை மாதத்தில் கிடைக்கும்.