கட்டும் ஆட்களுக்கு நகரில் இடம் உண்டா? எவர்டெல்லும் அதன் ஐந்து விரிவாக்கங்களும்

ஒரு நாவலை வாசிப்பதைப் போல ஒரு பலகை விளையாட்டை வாசிக்க முடியுமா என்றால், சிலவற்றை முடியும். எந்த விளையாட்டிலும் கதையைச் சொல்வது பெட்டியின் மேல் இருக்கும் படமல்ல, விதிகள். யார் நகரலாம், யார் தங்கலாம், முடிவில் யாருக்குப் புள்ளி, யார் கணக்கிலேயே வரமாட்டார்கள் என்பதெல்லாம் விதிப்புத்தகத்தில் இருக்கிறது. நகரம் கட்டும் விளையாட்டு என்றால் இந்தக் கேள்விகளின் கனம் கூடுகிறது. நகரம் கட்டப்படுவதைப் பார்த்தபடியே வாழும் நம்மைப் போன்ற வளைகுடாவாசிகளுக்கு இன்னும் கூடுகிறது.

எவர்டெல் 2018இல் வெளிவந்தது. வடிவமைத்தவர் ஜேம்ஸ் ஏ. வில்சன், ஓவியம் ஆண்ட்ரூ பாஸ்லி, வெளியீடு ஸ்டார்லிங் கேம்ஸ். ஒரு காட்டுப் பள்ளத்தாக்கில் அணில், எலி, ஆமை, முள்ளெலி போன்ற சிற்றுயிர்கள் நகரம் அமைக்கின்றன. பலகையின் ஒரு முனையில் அட்டையால் செய்த பெரிய மரம் நிற்கும். சுள்ளி, பிசின், கூழாங்கல், பழம் என நான்கு பொருள்கள். இவற்றைச் சேர்த்து, கையிலிருக்கும் அட்டைகளையோ நடுப் புல்வெளியில் திறந்து கிடக்கும் 8 அட்டைகளையோ வாங்கி உங்கள் நகரில் அடுக்க வேண்டும். நகரில் 15 இடங்கள்தான். கட்டடம் ஒன்று இருந்தால் அதற்குரிய உயிர் இலவசமாகக் குடிவரும். ஜூன் முதல் செப்டம்பர்வரை வெளியே கால்வைக்க முடியாத எங்கள் ஊரில், குளிர்சாதன அறைக்குள் விரித்துவைக்க இதைவிடப் பச்சையான பொருள் கிடையாது. இங்கே இதற்கு ரசிகர்கள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பலமுறை ஆடிய பிறகே ஒன்று கண்ணில் படும். எவர்டெல்லில் இரண்டு வகை மக்கள் இருக்கிறார்கள். அட்டையில் வரையப்பட்டவர்களுக்குப் பெயரும் தொழிலும் உடையும் உண்டு, நகரின் 15 இடங்களில் அமர்வார்கள், முடிவில் புள்ளி தருவார்கள். மற்றவர்கள் மரத்தில் வெட்டிய சிறிய உருவங்கள். விதிப்புத்தகம் அவர்களை ஆட்கள் என்று மட்டும் சொல்கிறது. காட்டுக்குப் போய்ச் சுள்ளி பொறுக்குவது, பிசின் சேர்ப்பது, கல் சுமப்பது எல்லாம் அவர்கள். குளிர்காலத்தில் இரண்டு பேரோடு தொடங்குகிறோம். வசந்தத்தில் ஒருவர், கோடையில் ஒருவர், இலையுதிர் காலத்தில் இருவர் என்று வந்து ஆறு பேர் ஆகிறார்கள். பருவம் மாறும்போது எல்லோரையும் திரும்ப அழைத்து மறுபடி அனுப்ப வேண்டும். ஆட்டம் முடியும்போது இந்த ஆறு பேருக்கும் நகரில் இடமில்லை, புள்ளியும் இல்லை. முட்டாள் அட்டைக்குக்கூட ஓர் இடம் உண்டு. அவனை அடுத்தவர் நகரில் கொண்டுபோய் வைத்து அங்கே இரண்டு புள்ளி குறைக்கலாம். சுள்ளி பொறுக்கியவனுக்கு அதுவும் இல்லை.

விதிவிலக்கு இரண்டு. ஆள் ஒருவர் போனால் திரும்ப அழைக்க முடியாமல் நிரந்தரமாகத் தங்கிவிடும் அட்டைகள் இரண்டு உள்ளன: ஒன்று இடுகாடு, மற்றது மடம். வில்சன் இதை எதையும் மனத்தில் வைத்துச் செய்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. ஆட்களைத் திரும்ப எடுக்க முடியாதபடி செய்தால் அந்த இடத்தின் பலனைக் கூட்டலாம் என்பது கணக்கு, அவ்வளவுதான். ஆனால் மரணமும் துறவும் தவிர நிரந்தர வதிவிடம் இல்லை என்ற விதியை முசாஃபாவிலோ சோனாப்பூரிலோ இருக்கும் ஒருவர் படித்தால் வேறுவிதமாகத்தான் படிப்பார்.

கணவன், மனைவி அட்டைகளையும் பாருங்கள். இருவரும் சேர்ந்தால் ஓர் இடத்தைப் பகிர்ந்துகொள்வார்கள். கணவன் ஏதேனும் ஒரு பொருளை உற்பத்தி செய்ய வேண்டுமானால் மனைவியும் இருக்க வேண்டும், நகரில் ஒரு பண்ணையும் இருக்க வேண்டும். அமீரகத்தில் குடும்பத்தை அழைத்துவர மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் வேண்டும் என்ற விதியைக் கடந்து வந்தவர்களுக்கு இந்த அட்டையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே விரிவாக்கங்களை நான் ஒரே ஒரு கேள்வியோடு ஒப்பிடுகிறேன். புதிய பலகை, புதிய பொருள், புதிய அழகு எல்லாம் சரி. அந்த மர உருவங்களைப் புதிய பெட்டி கவனிக்கிறதா?

முதலில் வந்தது பேர்ல்புரூக், 2019. பலகையோடு ஓர் ஆறு சேர்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு தவளைத் தூதர் கிடைக்கிறார். நகரில் குறிப்பிட்ட வகை அட்டைகள் இருந்தால் அவர் ஆற்றங்கரை இடங்களுக்குப் போய் முத்து கொண்டுவரலாம். முத்தைக் கொடுத்து அணிகலன்கள் வாங்கலாம், பெரும் புள்ளி தரும் அதிசயங்களைக் கட்டலாம். முத்துகள் கையில் எடுத்து உருட்டிப் பார்க்கச் சொல்லும் அழகு. ஆனால் ஆட்டமாக இதுதான் எனக்கு ஏமாற்றம் தந்த பெட்டி. அதிசயங்களின் புள்ளி மிகப் பெரியது என்பதால் மற்ற முடிவுகளெல்லாம் சிறுத்துப்போகின்றன. இரண்டாவது குறை இன்னும் முக்கியமானது. இங்கே முத்து எடுக்க யாரும் மூழ்குவதில்லை. தூதர் போகிறார், முத்து வருகிறது.

முத்து என்றால் என்ன விலை என்று தெரிந்த கரையில் நின்று இதை ஆடுகிறோம். எண்ணெய்க்கு முன் இந்த வளைகுடாவின் வாழ்வே முத்துதான். கோடை மாதங்களில் தோணி கடலுக்குப் போகும். மூழ்குபவர்கள் முன்பணக் கடனில் கட்டுண்டிருந்தார்கள், அந்தக் கடன் மகன்மேல் இறங்குவதும் உண்டு. 1930களில் ஜப்பானிய வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து அந்தத் தொழிலை முடித்துவைத்தன. பஹ்ரைனின் முஹர்ரக்கில் அந்தக் காலத்து வணிகர் வீடுகளும் கரையும் 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. நமக்கு இது அயல்கதையும் அல்ல. கொற்கையும் தூத்துக்குடியும் மன்னாரும் நம் முத்துக்கரைகள். 1906இல் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பை மேற்பார்க்க அனுப்பப்பட்ட இளம் ஆங்கில அதிகாரி லெனார்ட் வுல்ஃப், அங்கே தமிழ் மூழ்காளிகளோடு வளைகுடாவிலிருந்து வந்த அரபு மூழ்காளிகளும் வேலை செய்ததைப் பதிவு செய்திருக்கிறார். ஒரு நூற்றாண்டுக்கு முன் அவர்கள் நம் கடலுக்கு வேலைக்கு வந்தார்கள். மூச்சடக்கிய அந்த மனிதர்களை நினைத்தால், ஒரு தவளைத் தூதர் கைநீட்டி வாங்கிவரும் முத்து மிக லேசாகத் தெரிகிறது.

2020இல் இரண்டு பெட்டிகள். அவற்றில் பெல்ஃபேர் சிறியது. எவர்டெல்லின் நூறாவது ஆண்டு விழா என்பது கதை. ஐந்து, ஆறு பேர் ஆட வழி செய்கிறது, ஒரு சந்தை சேர்க்கிறது, விழா விருதுகள் தருகிறது. துபாய் ஷாப்பிங் திருவிழாவும் குளோபல் வில்லேஜும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த மனநிலை புரியும்: கொண்டாட்டம், கடை, பரிசு. ஆறு பேர் ஆடினால் உங்கள் முறை வருவதற்குள் ஒரு தேநீர் போட்டுக் குடித்துவிடலாம் என்பதால் அந்த வசதியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் இதில் கவனிக்க ஒன்று உண்டு. ஒவ்வொரு உயிரினத்துக்கும் தனி ஆற்றல் கிடைக்கிறது. அடிப்படை ஆட்டத்தில் அணிலும் ஆமையும் ஒன்றே. இங்கே நீங்கள் எந்த இனம் என்பது உங்களால் என்ன முடியும் என்பதை முடிவு செய்கிறது. கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்த்துச் சம்பளம் பேசப்படும் ஊரில் இதை வெறும் சுவையூட்டலாக எடுத்துக்கொள்வது கடினம். ஆட்களைப் பெல்ஃபேர் கவனிக்கிறது, ஆனால் வகைபிரித்துக் கவனிக்கிறது.

அதே ஆண்டின் இன்னொரு பெட்டி ஸ்பைர்கிரெஸ்ட். ஐந்தில் சிறந்தது இதுதான் என்பது என் முடிவு. காட்டுக்குப் பக்கத்தில் மலை எழுகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு முயல் பயணி. பருவம் மாறும்போதெல்லாம் முயல் மலைப்பாதையில் முன்னேறும், ஒரு கண்டுபிடிப்பு கிடைக்கும், பாதைத் துண்டுகளைச் சேர்த்து முடிவில் அந்தப் பயணத்துக்கும் புள்ளி எண்ணலாம். சில கண்டுபிடிப்புகள் பெரிய விலங்குகள். உங்கள் மர ஆளைத் தூக்கி அதன் முதுகில் உட்காரவைக்கலாம், அவர் ஆற்றல் கூடும். பருவத்துக்கொரு வானிலை அட்டையும் உண்டு. அந்தப் பருவம் முழுக்க ஏதோ ஒரு வேலையை அது கடினமாக்கும்.

வானிலை அட்டையைச் சிலர் எரிச்சலூட்டுவது என்கிறார்கள். எனக்கு அதுவே இந்தப் பெட்டியின் உயிர். அதுவரை எவர்டெல்லில் பருவம் என்பது ஆட்கள் கூடும் நேரம் மட்டுமே, உடலில் படும் பொருள் அல்ல. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்ற விதி வந்தது, வேலை செய்பவனுக்கு உடல் உண்டு என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டதால்தான். அந்த ஒப்புதலின் நிழலாவது ஸ்பைர்கிரெஸ்டில் இருக்கிறது.

நம் திணை மரபு இதைப் புரிந்துகொள்ள உதவும். காடு முல்லை, அதன் உரிப்பொருள் இருத்தல். வேலைமேல் போனவன் கார்காலத்தில் திரும்புவான் என்று காத்திருப்பது. பருவம்தோறும் ஆட்களை அழைத்துக்கொள்ளும் எவர்டெல் முல்லை ஆட்டம்தான். ஸ்பைர்கிரெஸ்ட் அதோடு குறிஞ்சியைச் சேர்க்கிறது. பாலைக்கு நிலம் தனியாக இல்லை, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்பது நம் மரபு. பாலையின் உரிப்பொருள் பிரிதல். வானிலை அட்டை கடுமையாக விழும் ஒரு கோடையில், மலைக்குப் போன முயலும் காட்டுக்குப் போன ஆட்களும் நகரிலிருந்து விலகி நிற்கும்போது, எவர்டெல் அந்தத் திரிதலுக்கு மிக அருகில் வருகிறது. முல்லையும் குறிஞ்சியும் பெட்டியில் இருக்கின்றன. பாலைக்குப் பெட்டி இல்லை, அது மேசைக்கு வெளியே ஜன்னலில் தெரிகிறது.

2022இன் இரண்டு பெட்டிகளில் மிஸ்ட்வுட் தனியாக ஆடுபவருக்கு உகந்தது. அடிப்படை ஆட்டத்தில் தனியாட்டத்துக்கு ரக்வொர்ட் என்ற கிழட்டு எலி எதிரியாக வரும். மிஸ்ட்வுட் அதைவிடக் கடுமையான நைட்வீவ் என்ற சிலந்தியைத் தருகிறது. இருவர் ஆடும்போதும் அவளைச் சேர்த்துக்கொள்ளலாம். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வாழும் 'பேச்சிலர்' எவருக்காவது பரிசளிப்பதென்றால் இதைக் கொடுப்பேன். இரவில் ஒற்றை ஆளாய் உட்கார்ந்து ஆட, உங்களைச் சற்றும் மதிக்காத ஒரு நல்ல எதிரி தேவை. ஆனால் நகரைப் பற்றி இது புதிதாக எதுவும் சொல்வதில்லை.

நியூலீஃப் ஐந்திலும் பெரியது என்று தோன்றவைக்கும் பெட்டி. ஒரு ரயில் நிலையம், பயணச்சீட்டு, முன்பதிவு, புதிய கட்டடங்கள், புதிய உயிர்கள். நிலையத்தில் வருகையாளர்கள் காத்திருப்பார்கள். அவரவர் நிபந்தனையை நீங்கள் நிறைவேற்றினால் முடிவில் புள்ளி. தேர்வுகள் இவ்வளவு பெருகும்போது பழைய இறுக்கம் தளர்கிறது, 15 இடங்களின் நெருக்கடி மறந்துபோகிறது என்பது என் குறை.

இதில் என் மகனோடு எனக்கு ஒத்துவரவில்லை. அவனுக்கு 17 வயது. ஷார்ஜாவில் பிறந்தவன், என் விசாவில் இருப்பவன். 2022 அக்டோபரில் மகன்களைப் பெற்றோர் விசாவில் வைத்திருக்கும் வயது 18இலிருந்து 25 ஆனபோது எங்கள் வீட்டில் பெருமூச்சு விட்டோம். அடுத்த ஆண்டு படிக்க வெளிநாடு போகிறான். பிறந்த ஊருக்கு அவன் எந்தத் தகுதியில் திரும்புவான் என்று எங்களுக்குத் தெரியாது. அவனுக்கு ஐந்தில் பிடித்தது நியூலீஃப்தான்.

"அதுல வர்ற விசிட்டர்ங்க நகரத்துல இடம் கேக்கவே இல்லப்பா. ஆனா அவங்களுக்கும் புள்ளி இருக்கு. நீங்க சொல்ற ஸ்பைர்கிரெஸ்ட்ல போறவனை மலை மேல ஏத்தி அழகு பாக்கறாங்க, அவ்வளவுதான். இது நேர்மையா சொல்லுது, நீ விசிட்டர்னு."

நான் ஊரை விட்டு வந்தவன், எனக்குப் பிரிவும் பயணமும்தான் கதை. அவன் எங்கிருந்தும் வரவில்லை. அவனுக்குக் கேள்வி, எண்ணப்படுகிறோமா என்பது. தீபக் உன்னிகிருஷ்ணன் அபுதாபி வாழ்வை வைத்து எழுதிய கதைகளுக்கு 'டெம்பரரி பீப்பிள்' என்று பெயரிட்டார். அந்தச் சொல்லை என் தலைமுறை வருத்தத்தோடு வாசிக்கும். அவன் தலைமுறை அதை ஒரு முகவரியாக வாசிக்கிறது என்று அன்று புரிந்தது. அதன் பிறகும் நியூலீஃப் தளர்வான ஆட்டம் என்ற கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. வருகையாளருக்குப் புள்ளி உண்டுதான். ஆனால் அந்தப் புள்ளி நகரத்தின் உரிமையாளர் கணக்கில்தானே சேர்கிறது?

அவன் இதற்குப் பதிலாக அடிப்படைப் பெட்டியிலிருந்தே ஓர் அட்டையை எடுத்துப் போட்டான்: வாண்டரர், ஊர்சுற்றி. விலை இரண்டு பழம். வந்ததும் மூன்று அட்டைகள் எடுத்துத் தருவார். ஒரு புள்ளி பெறுவார். நகரில் இடம் எடுத்துக்கொள்ள மாட்டார். 15 இடங்களும் நிரம்பிய நகரிலும் அவரைச் சேர்க்கலாம். இடம் இல்லாமலே நகரத்தின் ஆளாக இருக்க விதி ஒன்று முதல் நாளிலிருந்தே அங்கே இருந்திருக்கிறது. ஐந்து விரிவாக்கங்களில் எதுவும் அந்த ஓர் அட்டையை எடுத்து வளர்க்கவில்லை என்பதே இந்த வரிசையின்மேல் என் பெரிய மனக்குறை.

வாங்க நினைப்பவர்களுக்குச் சுருக்கமாக: முதலில் அடிப்படைப் பெட்டியைக் குறைந்தது பத்து முறை ஆடுங்கள். ஒன்றே ஒன்று சேர்ப்பதென்றால் ஸ்பைர்கிரெஸ்ட். தனியாக இருப்பவர்களுக்கு மிஸ்ட்வுட். வீட்டில் இங்கேயே பிறந்த பிள்ளை இருந்தால் நியூலீஃபை அவர்களோடு ஆடிப் பாருங்கள், வாதம் செய்ய நேரம் ஒதுக்கிக்கொண்டு. பெல்ஃபேர் இருந்தால் இருக்கட்டும். பேர்ல்புரூக்கின் முத்துகள் அழகானவை. ஆனால் முஹர்ரக்குக்கோ மன்னாருக்கோ ஒருமுறை போய்வந்த பிறகு அதைத் திறந்தால், அந்த ஆற்றில் இல்லாதவர்கள் யார் என்பது தெரியும்.