யாழ்ப்பாணர் நுழைந்த வாயில்

'ஒதுக்கி வைப்பது' என்ற நம் வழக்குக்கு இரண்டு பொருள் உண்டு. விழாவுக்கு வரும் பெரியவருக்கு முன்வரிசையில் நாற்காலி ஒதுக்கி வைக்கிறோம். ஊர்க் கட்டுப்பாட்டை மீறினவரையும் 'ஒதுக்கி வைச்சுட்டாங்க' என்கிறோம். முன்னது மரியாதை, பின்னது தண்டனை. ஒரே மனிதருக்கு இரண்டும் சேர்ந்து நேர்ந்தால்? ஜனக்புரியில் நண்பர்கள் சிலர் ஞாயிறுதோறும் கூடிப் பெரியபுராணம் படிக்கிறோம். திருநீலகண்ட யாழ்ப்பாணர் வரலாற்றுக்கு வந்தபோது எழுந்த கேள்வி இது. அப்போது எனக்கு விவிலியத்தில் வரும் லேவியர் நினைவுக்கு வந்தார்கள்.

பண்டைய இஸ்ரவேலில் லேவி கோத்திரத்தார் இறைபணிக்கென்றே பிரித்தெடுக்கப்பட்டவர்கள். மற்றக் கோத்திரங்களைப் போல் அவர்களுக்கு நிலப்பங்கு கிடையாது. குடியிருக்க 48 ஊர்கள். உண்பதற்கு மற்றவர் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு. கூடாரத்தைச் சுமப்பதும், வாசல் காப்பதும், பிற்காலத்தில் ஆலயத்தில் பாடுவதும் அவர்கள் பணி. ஆனால் திருப்பொருள்களை ஆரோனின் மக்கள் மூடி வைத்த பிறகே தூக்கலாம், தொட்டால் சாவு. 'சபையார் எல்லாருமே பரிசுத்தர்தானே?' என்று வழக்காடிய கோராகும் ஒரு லேவியன்தான். அவனைப் பூமி பிளந்து விழுங்கியது என்கிறது எண்ணாகமம்.

இனி நம் சேக்கிழாரிடம் வருவோம். எருக்கத்தம்புலியூர்ப் பாணர் சம்பந்தரின் பதிகங்களை யாழில் வாசித்தவர். அறுபத்து மூவருள் ஒருவர். ஆனாலும் திருவாலவாயில் கோயில் வாயிலில் நின்றுதான் வாசிக்கிறார். இறைவன் தொண்டர்களுக்கு உணர்த்தி அவரை உள்ளே வரவழைக்கிறான். யாழ் தரையில் பட்டால் அதன் கட்டுத் தளரும் என்று பலகையும் இடச் செய்கிறான். திருவாரூரிலோ வடதிசையில் வேறொரு வாயில் வகுக்கப்பட, அதன் வழியே புகுந்து வழிபடுகிறார்.

நம் சொற்பொழிவுகளில் பலகையைப் பற்றிக் கேட்டு உருகியிருக்கிறோம். எனக்கு அந்த வாயில்தான் உறுத்துகிறது. கதவு திறந்தது உண்மை. ஆனால் எல்லாரும் போகிற கதவு அல்லவே அது!

இரு நூல்களுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். எண்ணாகமத்தில் எல்லை போடுவது கடவுள். சேக்கிழாரிடம் எல்லை போட்டது மனிதர் வழக்கம். அதைத் தாண்ட வைப்பது கடவுள். இது 12ஆம் நூற்றாண்டுக் கவிஞர் எடுத்துவைத்த பெரிய அடி. அவர் வாயிலை மறைக்காமல் சொன்னதும் நேர்மை. குறை எங்கே என்றால், ஒவ்வொரு முறையும் ஓர் அற்புதம் தேவைப்படுகிறது. திருநீலநக்கர் வீட்டில் வேள்விக் குண்டத்தருகே பாணர் தங்கியபோதும், தீ வலஞ்சுழித்து எழுந்துதான் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அற்புதத்தால் அந்த ஒருவருக்கு வழி கிடைத்தது. வழக்கம் அப்படியே நின்றுவிட்டது.

தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரை இராசராசன் அமர்த்தினான். ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் என்கிறது கல்வெட்டு. லேவியரின் 48 ஊர்களோடு எண் பொருந்துவது தற்செயல். பாடுகிறவருக்குச் சோற்றுக் கவலை கூடாது என்ற எண்ணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் தேவாரத்துக்குப் பண் தெரியாமல் தவித்தபோது யாரைத் தேடினார்கள்? யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணை என்கிறது திருமுறைகண்ட புராணம். வேறு வாயிலில் நுழைந்தவரின் குடும்பத்திடம்தான் இசை பத்திரமாக இருந்திருக்கிறது!

சில ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு விழாவுக்கு ஊரிலிருந்து நாகஸ்வரம், தவில் வரவழைத்தோம். 'மங்கல வாத்தியம் இல்லாம எப்படி சார்?' என்று வற்புறுத்தியவன் நான். பொன்னாடை போர்த்தினோம், கைதட்டினோம். சாப்பாட்டில் அவர்களுக்குக் கடைசிப் பந்தி. அதுக்குள்ள பாயசம் தீர்ந்துபோச்சு. பரிமாறியவர்களில் நானும் ஒருவன். மூத்த கலைஞர் இலையை மடித்தபடி, 'பரவாயில்லீங்க, எங்களுக்குப் பழக்கம்தான்' என்று சிரித்தார்.

பலகை போடத் தெரிந்த நமக்கு வாயில் ஞாபகம் வரவில்லை. அடுத்த விழாவில் வாசித்த கை கழுவியதும் அவர்களை முதல் பந்தியில், நம் குழந்தைகளுக்குப் பக்கத்தில் உட்கார வைப்போம். அதற்கு எந்த அற்புதமும் தேவையில்லை.