முகவரி இல்லாத இரைச்சல்

ஈழத்துப் பாடகி எம்.ஐ.ஏ. 2010இல் வெளியிட்ட ‘மாயா’வைக் காலத்தை முந்திய அல்பம் என்று கொண்டாடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கொண்டாடுபவர்கள் இரண்டு காரணம் சொல்கிறார்கள். ஒரு நிமிடம்கூட ஓடாத அதன் முதற்பாட்டு கூகுளையும் அரசாங்கத்தையும் ஒரே கம்பியில் கோத்தது. 2013இல் அமெரிக்க அரசின் இணைய உளவு பற்றி ஸ்னோடன் வாய் திறந்ததும் அது தீர்க்கதரிசனமாயிற்று. அதே ஆண்டு கன்யே வெஸ்ட் ‘யீஸஸ்’ அல்பத்தில் இயந்திர இரைச்சலை ராப்புக்குள் கொண்டுவந்தபோது, அதை மூன்று வருடம் முன்பே செய்தவர் நம் ஈழத்துப் பெண் என்றார்கள். இரண்டும் சரிதான். ஆனால் முந்தி வந்ததெல்லாம் நல்லதாகிவிடாது.

2010இல் அந்த அல்பத்துக்குக் கிடைத்த அடியிலும் நியாயம் குறைவு. நியூயோர்க் டைம்ஸ் இதழில் வந்த நீண்ட கட்டுரை, எம்.ஐ.ஏ. என்ன வகை உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிட்டார் என்பதை அவருடைய அரசியலுக்கு எதிரான சாட்சியாக்கியது. பிட்ச்ஃபோர்க் பத்துக்கு 4.4 போட்டது. வன்னியில் ஷெல் விழுந்துகொண்டிருந்த 2009 ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அதைப் பேசியவர் அவர். அந்தத் துணிச்சலை எவரும் மறுக்க முடியாது. அல்பத்தின் ‘போர்ன் ஃப்ரீ’ பாட்டில் சூசைட் குழுவின் பழைய தாளத்தை எடுத்து அவர் ஓட்டும் வேகமும் அசலானது.

என் மறுப்பு வேறிடத்தில் இருக்கிறது. இந்த அல்பத்தின் இரைச்சலுக்கு ஊர் இல்லை.

இயந்திர இரைச்சலை இசையாக்கும் இன்டஸ்ட்ரியல் இசை ஊரிலிருந்துதான் பிறந்தது. மேற்கு பெர்லினின் ஐன்ஸ்ட்யூர்சென்ட நொய்பௌட்டன் குழு துளைபொறியையும் இரும்புத் தகட்டையும் மேடையில் ஏற்றியபோது, அது மதில் பிளந்த நகரத்தின் சத்தம். இலண்டனின் டெஸ்ட் டிபார்ட்மென்ட் பழைய இரும்பை அடித்தது. 1984–85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது தெற்கு வேல்ஸ் தொழிலாளர்களின் பாடற்குழுவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு ஓர் அல்பமே போட்டது. கேட்பவனுக்கு அது எந்த இரும்பு, யாருடைய கை என்று தெரியும். எம்.ஐ.ஏ.க்கும் இது தெரியாததல்ல. 2007இல் வந்த ‘காலா’வில் சென்னையில் பதிவான உறுமி மேளம் அதிர்கிறது, அந்த அதிர்வுக்குப் பின்னால் மனிதர்கள் நிற்கிறார்கள். ‘மாயா’வில் ‘ஸ்டெப்பின் அப்’ பாட்டுத் தொடங்கியதும் துளைபொறி கிறீச்சிடுகிறது. எந்தச் சுவரைத் துளைக்கிறது? யாருடைய வீடு அது? பாட்டு கடைசிவரை சொல்வதில்லை. கிளப்பில் ஆடுபவனின் முதுகைச் சிலிர்க்கவைத்தால் போதும் என்று நின்றுவிடுகிறது.

‘போர்ன் ஃப்ரீ’ காணொளி இதே குறையைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. கண்கட்டிய தமிழ் இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்படும் காட்சியை சனல் 4 ஒளிபரப்பியது 2009 ஓகஸ்டில். எட்டு மாதம் கழித்து வந்த இந்தக் காணொளியில் செம்முடி இளைஞர்கள் அமெரிக்கப் படையினரால் அள்ளப்பட்டு பாலைவெளியில் கொல்லப்படுகிறார்கள். உருவகம், அதனால் உலகம் முழுவதற்கும் பொருந்தும் என்கிறார்கள். எதற்கும் பொருந்தும் உருவகத்தால் எந்தக் கொலைகாரனுக்கும் தொந்தரவில்லை. கல்முனைக்குடியின் எம்.ஏ. நுஃமான் எழுதிய ‘புத்தரின் படுகொலை’யும் உருவகம்தான். அதில் புத்தரே சுடப்படுகிறார். ஆனால் உடல் கிடக்கும் இடம் யாழ்ப்பாண நூலகம். எரிவது 1981இல் எரிந்த அதே நூல்கள். கற்பனை எவ்வளவு தூரம் போனாலும் முகவரி மாறவில்லை. நாற்பது வருடம் தாண்டியும் அந்தக் கவிதை சுடுவது அதனால்தான்.

எங்கள் கிழக்கிலங்கைக் கரையிலிருந்து கேட்கும்போது ‘லவலொட்’ பாட்டுத்தான் அதிகம் உறுத்துகிறது. 2010 மார்ச்சில் மொஸ்கோ சுரங்க ரயிலில் குண்டோடு வெடித்த 17 வயது தாகெஸ்தான் விதவையின் படத்தைப் பத்திரிகையில் பார்த்து உருவான பாட்டு அது. அல்லாஹ்வின் பெயர் போலக் காதில் விழும்படி காதல் வரியொன்றை உச்சரித்து, கேட்பவனுக்கு ஒரு கள்ளக் கிளுகிளுப்பைத் தருகிறது. அதே வருடம் எம்.ஐ.ஏ. ஒரு விருது விழாவுக்கு முகத்திரையை அலங்காரமாக அணிந்து வந்தார். அவருக்கு அது ஒரு மாலை நேர உடை. எங்கள் கரையிலோ, ஈஸ்டர் தாக்குதல்களை அடுத்து 2019 ஏப்ரல் 26ஆம் திகதி இரவு சாய்ந்தமருதுவில் ஒரு வீட்டுக்குள் குண்டுகள் வெடித்து, 6 சிறுவர் உட்பட 15 பேர் செத்தார்கள். மூன்றே நாளில் அவசரகால விதி முகத்திரையைத் தடைசெய்தது. அந்த இரவோடு எந்தத் தொடர்புமில்லாத பெண்கள் ஆஸ்பத்திரி வாசலிலும் கந்தோர் வாசலிலும் அதன் விலையைக் கொடுத்தார்கள். முஸ்லிம் பெண்ணை வெடிக்கப்போகும் மர்மமாகப் பார்ப்பதுதான் அதிகாரத்தின் பழக்கம். அதிகாரத்தை எதிர்ப்பதாகச் சொல்லும் அல்பமும் அவளை அப்படியே பார்க்கிறது. சத்தத்துக்கு ஒரு மிரட்சி வேண்டியிருந்தது, அதற்கு அவள் உதவினாள். அவள் யார், எந்த ஊர், யாருடைய மகள் என்பதெல்லாம் இரைச்சலுக்குள் போய்விட்டது.

பொப் இசை ஆவணப்படம் அல்ல, அதனிடம் ஊர்ப்பெயர் கேட்கலாமா என்று கேட்பார்கள். நான் கேட்பது ஊர்ப்பெயரை அல்ல, ஊரின் காதை. மருதமுனைத் தெருக்களில் கைத்தறியின் மிதியும் நாடாவும் மாறிமாறி அடிக்கும் ஓசை எந்தத் தாளப்பெட்டிக்கும் குறைந்ததல்ல. கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றத்தில் பக்கீர்மார் றபானைத் தட்டி பைத் எடுக்கும்போது வரும் உக்கிரத்துக்கு மின்கிற்றாரின் துணை தேவையில்லை. இவை அழகான பழைமை என்று காட்சிக்கு வைக்க வேண்டியவையல்ல. உழைப்பும் துக்கமும் ஏறிய சத்தங்கள். இங்கே கணினியில் இசை செய்யத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு ‘மாயா’வை முன்மாதிரியாக நீட்டுவது தவறு. அதன் சத்த நுட்பத்தைப் படிக்கட்டும், முகமற்ற கோபத்தை விட்டுவிடட்டும். யாருக்காகக் கத்துகிறோம் என்று கேட்பவனுக்குப் புரியாவிட்டால், அந்தக் கத்தலைக் காலத்தை முந்தியது என்று சொல்லிக் காப்பாற்ற முடியாது.