உயிர்ப்பு என்றொரு சொல்

ஈஸ்டரை விழுப்புரத்துக் கத்தோலிக்கர்கள் 'உயிர்ப்புப் பெருவிழா' என்பார்கள். வடக்கே நாற்பது கிலோமீட்டர் போனால் திண்டிவனத்தில் சி.எஸ்.ஐ. சபையாருக்கு அது 'உயிர்த்தெழுந்த பண்டிகை'. இரண்டிலும் இருக்கும் 'உயிர்' என்ற அந்த வேரை நாவில் வைத்துச் சுவைக்கச் சுவைக்க எனக்குத் தீரவில்லை.

உயிர்ப்பு என்றால் மூச்சு. நெட்டுயிர்ப்பு என்று இன்றும் எழுதுகிறோம். யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்: உயிர்த்த அன்றே மாலையில், அஞ்சிக் கதவடைத்திருந்த சீடர் நடுவே இயேசு வந்து நிற்கிறார், அவர்கள்மேல் ஊதுகிறார். உயிர்த்தவர் உயிர்ப்பைத் தருகிறார்! தமிழில் படிக்கிறவருக்கு இது சும்மா கிடைத்த கொடை.

பழந்தமிழில் உயிர்த்தல் என்பதற்கு ஈனுதல் என்றும் பொருள் உண்டு. சனிக்கிழமை இரவுத் திருவிழிப்பில் இந்தப் பொருளும் கண்முன் வரும். விளக்கெல்லாம் அணைந்திருக்க, வெளியே மூட்டிய புதுத்தீயில் பாஸ்கா திரியை ஏற்றுவார்கள். அதில் சிலுவை, நடப்பு ஆண்டின் நான்கு இலக்கங்கள், ஐந்து காயங்களுக்கு ஐந்து சாம்பிராணி மணிகள், கிரேக்க அரிச்சுவடியின் முதலெழுத்தும் கடைசி எழுத்தும். அந்த இரண்டையும் திருவிவிலியம் 'அகரமும் னகரமும்' என்று தமிழாக்கியிருக்கிறது. தொல்காப்பியர் நம் எழுத்துக்கு வகுத்த அதே எல்லைகள்! பிறகு அந்தத் திரியைத் தண்ணீரில் இறக்கி மந்திரிப்பார்கள். திருமுழுக்குத் தொட்டியைத் திருச்சபையின் கருவறை என்பது பழைய வழக்கு. கோயிலுக்கும் தாய்க்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியில் அதற்கு விளக்கவுரை வேண்டாம்.

நாற்பது நாள் பாடாத அல்லேலூயா அன்றிரவு திரும்பி வரும். மறுநாள் வாட்ஸ்அப் வாழ்த்து, பேக்கரி முட்டை, மதியம் பிரியாணி. முட்டையைக் கடையில் புதிதாய் வந்த பண்டம் என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. ஓட்டை உடைத்துக்கொண்டு வருவதும் உயிர்ப்புத்தானே.

திண்டிவனத்தில் இன்னொரு இரவும் உண்டு. 1890 வாக்கில், நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தார் ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண். அந்த ஓரிரவில் மூன்று வீட்டு ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, பிரசவ வேதனையிலிருந்த மனைவிக்காக அவரை அழைத்தார்கள். அவரோ மருத்துவம் படித்தவரல்லர். தகப்பனார் டாக்டர், ஆனால் ஆண் மருத்துவரை உள்ளே விட அவர்கள் சம்மதிக்கவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இல்லை. ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1900இல் திரும்பினார். வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். அதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை.

திண்டிவனத்தில் ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்கு மணி அடிக்கும்போது எனக்குக் கல்லறைக்குப் போன பெண்களோடு அந்த மூன்று பெண்களும் நினைவுக்கு வருகிறார்கள்.