ஹார்னை விடுங்கள், குழாயைப் பாருங்கள்

ஜவ்வாது மலைக்கு வருகிறவர்களின் பொறுமையைக் காவலூரில் பார்க்க வேண்டும். வானாய்வகத்தில் நின்று, 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடி எப்படி ஒளியைக் குவிக்கிறது என்று குறுக்குக் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். அதே ஆட்கள் மலைமேல் ஒரு விடுதிக்குள் நுழைந்ததும், வரவேற்பறையில் மின்னும் பித்தளை ஹார்ன் கிராமபோனோடு ஒரு படம் எடுத்து, “நூறு வருஷப் பழசு” என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு கேள்வி கிடையாது. அந்தப் பெட்டியில் ஹார்ன் உட்பட முக்கால்வாசி சமீபத்தில் செய்தது. மூடியைத் தூக்கிக் காட்டுகிறேன் என்றால், “அதெல்லாம் கலெக்டர்களுக்குத்தான் சார்” என்று நழுவுகிறார்கள். யார் சொன்னது? பத்து நிமிடத்தில் கற்கக்கூடிய விஷயம்.

அடிப்படையை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். எடிசன் 1877-இல் செய்தது போனோகிராஃப். அது உருளையில் பாடியது, ஊசி மேலும் கீழும் ஏறி இறங்கியது. பத்து வருடம் கழித்து எமில் பெர்லினர் கொண்டுவந்தது கிராமபோன். தட்டு, ஊசி பக்கவாட்டில் ஆடும். நம் ஊர்ப் பழைய வீடுகளில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டாவது வகை. சாவி கொடுத்தால் சுருள்வில் முறுக்கேறும், தட்டு சுழலும், ஊசி அதிரும், அந்த அதிர்வு சவுண்ட் பாக்ஸில் உள்ள மெல்லிய மைக்கா தகட்டை ஆட்டும், ஹார்ன் அதைப் பெரிதாக்கும். மின்சாரம் எங்கும் இல்லை. அவ்வளவுதான்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் ஹார்னைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது ஹார்னுக்கும் சவுண்ட் பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு முழம்.

ஆரம்பகாலக் கிராமபோனில் அந்த ஒரு முழமே கிடையாது. ஹார்னின் சிறுத்த முனையிலேயே சவுண்ட் பாக்ஸ் தொங்கும். பெட்டியின் முன்பக்கம் நீட்டிய ஒரு கை ஹார்னைத் தாங்கும். தட்டில் ஊசி நகர நகர, ஹார்ன் முழுவதும் கூடவே நகரும். ‘நாய் மார்க்’ படத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். பிரான்சிஸ் பராட் வரைந்த அந்த ஓவியத்தில் நிப்பர் என்ற நாய் காது கொடுப்பது இந்த வகை இயந்திரத்துக்குத்தான். (முதலில் அவர் வரைந்தது உருளை போனோகிராஃப். 1899-இல் கிராமபோன் கம்பெனி கேட்டுக்கொண்டபடி அதன்மேல் கிராமபோனை வரைந்து மூடினார்.) அதில் இருப்பது நேரான, சின்ன, பித்தளைக் கூம்பு. இதழ் விரித்த பூ அல்ல.

ஹார்னின் எடையில் ஒரு பங்கை ஊசியும் சுமந்தால் தட்டு தேயாதா? தேயும். அமெரிக்காவில் எல்ட்ரிட்ஜ் ஜான்சனின் விக்டர் கம்பெனி 1903 வாக்கில் இதற்கு வழி கண்டது. ஹார்னைப் பெட்டியின் பின்பக்கம் இரும்புத் தாங்கியில் நிறுத்திவிட்டு, சவுண்ட் பாக்ஸிலிருந்து ஹார்ன்வரை ஒரு குழாயைத் தனியாக ஆட விட்டார்கள். அதுதான் டோன் ஆர்ம். அதன் உயிர், அது ஒரே கனத்தில் இல்லாததில் இருக்கிறது. சவுண்ட் பாக்ஸ் பக்கம் சிறுத்துத் தொடங்கி, பின்னால் போகப் போக விரிந்து, முழங்கை வளைவிலும் விரிந்து, எங்கே ஆர்ம் முடிந்து ஹார்ன் தொடங்கியது என்று ஒலிக்கே தெரியாமல் அகன்றுகொண்டு போகும். நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் கடைகிறவரிடம் கேளுங்கள்: சீவாளியில் பிறந்த ஒலி உலவுக்குள் படிப்படியாக அகன்று அணசில் வந்து திறக்கிறது. உலவுக்குப் பதில் ஒரு பிவிசி குழாயைச் செருகிவிட்டு அணசை மட்டும் தங்கத்தில் செய்து மாட்டினால் எப்படி இருக்கும்? இன்று கடைகளில் விற்கும் ‘ஆண்டிக்’ கிராமபோன் அப்படித்தான் இருக்கிறது.

ஆகவே கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். அசல் ஆர்ம் கையில் பருத்துக்கொண்டே போகும். போலியில் ஒரே கனத்தில் ஒரு குழாய், பிறகு கூர்மையாக மடித்துப் பற்றவைத்த ஒரு முழங்கை, அதன்மேல் திடீரென்று ஒரு பிரமாண்டமான பூ. அந்தத் திடீர் இடத்தில்தான் பாட்டு செத்துப்போகிறது. தாங்கியையும் பாருங்கள். அசலில் கனமான வார்ப்பிரும்பு பெட்டியின் முதுகில் போல்ட் போட்டு நிற்கும், ஹார்னின் பாரம் முழுவதும் அதன்மேல். போலியில் அந்தப் பாரத்தைத் தாங்குவது ஒரு வளைந்த பித்தளைக் குழாய். லேசாகத் தொட்டால் தலையாட்டும்.

மற்ற அடையாளங்களை வேகமாகச் சொல்கிறேன். பூ வடிவ ஹார்ன்கள் பெரும்பாலும் மெல்லிய தகரத்தில் செய்து பெயின்ட் அடித்தவை. அதனால் கறுப்பு, சிவப்பு, நீலம் உரிந்து கிடந்தால் முகம் சுளிக்காதீர்கள். கனமான பித்தளை கண்ணாடிபோல மின்னினால் சந்தேகப்படுங்கள். திருகாணியின் தலையில் கூட்டல் குறி இருந்தால் அது 1930-களுக்கு முந்தையது அல்ல. ‘1905 மாடல்’ என்று சொல்லிப் பெட்டியின் நெற்றியில் ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் என்று நாய்ப் படத்தோடு பித்தளை முத்திரை பதித்திருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். கிராமபோன் கம்பெனியின் தட்டுகளிலேயே 1909 வரை இருந்தது எழுதுகிற தேவதைதான், நாய் அல்ல. அந்த முத்திரையிலுள்ள நாய்க்கு முன்னால் டோன் ஆர்ம் இல்லாத கிராமபோன், முத்திரை ஒட்டிய பெட்டியிலோ டோன் ஆர்ம்! ஒட்டியவர் கண்ணில் இது படவே இல்லை.

அதே சமயம், எல்லாப் புதுப் பாகமும் குற்றமல்ல. மைக்காவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் வருடங்களில் கல்லாகிவிடும், பாட்டு கரகரக்கும். புது ரப்பர் போட்டே ஆக வேண்டும். அறுந்த சுருள்வில்லை மாற்றலாம். ‘ஒரு திருகாணிகூட மாறக்கூடாது’ என்று சத்தியம் வாங்குகிற சுத்த சைவச் சேகரிப்பாளர்களும் எனக்குச் சலிப்புத்தான். அவர்கள் பாட்டே போடுவதில்லை.

அவர்களைவிட மோசம் இரண்டு கூட்டங்கள். ஒன்று, ‘அனலாக் சூடு’ என்று வாராவாரம் எழுதும் விமர்சகர்கள். அரக்கில் செய்த 78 சுழற்சித் தட்டும் வினைல் எல்பி-யும் அவர்களுக்கு ஒன்று. எல்பி-யைக் கிராமபோனில் வைத்தால் எஃகு ஊசி ஒரே ஓட்டத்தில் அதை உழுதுவிடும். இன்னொன்று, நம் சினிமாவின் கலை இயக்குநர்கள். கதை 1940-களில் நடந்தாலும் ஜமீன்தார் கூடத்தில் தாமரை அளவு பித்தளை ஹார்ன். 1906-லேயே விக்டர் கம்பெனி ஹார்னைப் பெட்டிக்குள் ஒளித்துவிட்டது. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் தட்டுகளில் கொடிகட்டிப் பறந்தபோது மூடிபோட்ட மேசைப் பெட்டியும், கையில் தூக்கிப்போகும் போர்ட்டபிளும் வந்து வெகுநாளாகிவிட்டது. ஏவி. மெய்யப்பன் சரஸ்வதி ஸ்டோர்ஸிலிருந்து ஓடியன் தட்டுகளை விற்ற காலமும் அதுதான்.

இதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன், வெளியே போக வேண்டாம். அந்தப் பளபள போலிகளின் வயிற்றைத் திறந்தால் உள்ளே ஓடுவது பல சமயம் அசல் மோட்டார். எங்கிருந்து வந்தது? நல்ல நிலையில் இருந்த ஒரு போர்ட்டபிளை உடைத்து எடுத்தது. மோட்டார், சவுண்ட் பாக்ஸ், சுழலும் தட்டு மூன்றையும் பிடுங்கிக்கொண்டு, கறுப்புத் துணி ஒட்டிய பெட்டியைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். நம் தாத்தாக்கள் உண்மையில் கேட்டது அந்தப் பெட்டியில்தான். அதனுள் மடித்து வைத்த ஹார்ன், அந்த விரிந்துபோகும் கணக்கைக் கூடியவரை காப்பாற்றுகிறது.

ஆகவே காரைக்குடிக் கடைகளுக்குப் போனால் பித்தளைப் பூக்களைத் தாண்டி, மூலையில் தூசு படிந்த கறுப்புச் சூட்கேஸ் மாதிரி ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். சாவி முழுதாக ஏறுகிறதா, நடுவில் ‘டங்’கென்று வழுக்குகிறதா என்று கவனியுங்கள். முறுக்கேற்றினால் ஒரு பக்கப் பாட்டு, மூன்று நிமிடம், இழுக்காமல் ஓட வேண்டும். டோன் ஆர்மைத் தடவிப் பாருங்கள். ஊசியைப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள், பக்கத்துக்கு ஒன்று. கடைக்காரர் முன்னால் முகத்தில் ஆசையைக் காட்டாதீர்கள். “இந்தப் பொட்டி எதுக்குண்ணே?” என்று அலட்சியமாகக் கேளுங்கள், ஹார்ன் இல்லாததால் மலிவாகவே தருவார்.